கண் தெரியாத பூனையையும் தள்ளாடுற பூனையையும் ஜோடியா தத்து எடுக்கிறது எப்படி?

ரெஸ்க்யூ பண்றவங்க பூனை போட்டோ போட்டு "ஜோடியாதான் குடுப்போம், பிரிக்க மாட்டோம்"னு எழுதியிருந்தாலே நிறைய பேர் அடுத்த போட்டோவுக்கு போயிடுறாங்க, அதுலயும் ஒண்ணுக்கு கண் இல்ல இன்னொண்ணு தள்ளாடி நடக்கும்னா கேட்கவே வேணாம். முதல் தடவையா பூனை வளர்க்கிறவங்களுக்கும் இது முடியும்னு நான் அடிச்சு சொல்வேன். எங்க வீட்ல இருக்கிற கண் தெரியாத கருப்பனும் தள்ளாடுற பொட்டும் அப்படிப்பட்ட ஜோடிதான், கூடப்பிறந்ததுங்க. வீட்டை மட்டும் அதுங்க வர்றதுக்கு முன்னாடியே தயார் பண்ணி வச்சுட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

ஸ்டெப் 1: குறை என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

தெருவுல பிறக்கிற குட்டிங்களுக்கு ஹெர்பிஸ் வைரஸ் வந்து சளி பிடிச்சு கண்ணு ஒட்டிக்கும், அப்ப யாரும் கவனிக்கலன்னா கருவிழி புண்ணாகி கண்ணே போயிடும். கருப்பனுக்கு ரெண்டு கண்ணையும் ஆபரேஷன்ல எடுத்து இமைய தச்சுட்டாங்க, ஆறினதுக்கு அப்புறம் அந்த இடத்துல வலி கிடையாது. ஆனா வைரஸ் உடம்புக்குள்ளயே இருக்கும், பயமோ அலைச்சலோ வந்தா திரும்ப தும்மல் ஆரம்பிக்கலாம்.

தள்ளாடுறதுக்கு முக்கியமான காரணம் பன்லுகோபீனியா வைரஸ். அம்மா சினையா இருக்கும்போதோ குட்டி பிறந்த முதல் சில வாரத்துலயோ வந்தா உடம்ப ஆடாம பேலன்ஸா வச்சுக்கிற சிறுமூளை முழுசா வளராது. பார்க்கத்தான் பாவமா இருக்கும், அதுக்கு வலி இல்ல, வயசாக ஆக மோசமாகாது, மத்த பூனைக்கு அந்த ஆட்டம் தொத்தாது, ஆயுசும் சாதாரண பூனை மாதிரிதான். ஆனா நல்லா நடந்துட்டு இருந்த பூனை திடீர்னு தள்ளாடினா அது வேற விஷயம், காதுலயோ நரம்புலயோ பிரச்சனை இருக்கலாம், அதனால எது பிறவியிலருந்து இருக்கு எது புதுசுன்னு டாக்டர் எழுதினத கேட்டு வாங்கிப் படிங்க.

ஸ்டெப் 2: நேர்ல போய் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க

ஃபாஸ்டர் வீடோ (தத்து போற வரைக்கும் தற்காலிகமா வச்சு வளர்க்கிறவங்க வீடு), சென்னையில இருக்கிற ப்ளூ கிராஸ் மாதிரி ஷெல்டரோ, எங்க எடுத்தாலும் போட்டோவ பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஒண்ணு மேல ஒண்ணு படுத்து தூங்குதா, நக்கி விடுதா, ஒண்ண வேற ரூமுக்கு தூக்கிட்டு போனா இன்னொண்ணு கத்தி தேடுதான்னு பாருங்க. கருப்பன் பொட்டோட தோள்ல தாடைய வச்சுட்டுதான் புது இடத்துக்குள்ள நடப்பான், அவளும் அவன் மேல சாஞ்சுதான் நேரா நிப்பா. இப்படி இருக்கிறதுங்கள்ல ஒண்ண மட்டும் எடுத்துட்டு வந்தா அது சாப்பாட்டையே நிறுத்திடலாம். ஜோடியா எடுக்கிறது ரெட்டை வேலைன்னு பயப்படுறாங்க, செலவு ரெட்டைதான் அத மறைக்க மாட்டேன், ஆனா நீங்க ஆபீஸ் போற நேரத்துல ஒண்ணுக்கு ஒண்ணு துணை இருக்கே, ஒத்த பூனைக்கு அது கிடைக்குமா?

ஸ்டெப் 3: டெஸ்ட், தடுப்பூசி

எஃப்ஐவி (பூனையோட எதிர்ப்பு சக்திய குறைக்கிற வைரஸ்), எஃப்இஎல்வி (பூனை லுகேமியா வைரஸ்) ரெண்டு டெஸ்ட்டும் ரெண்டு பூனைக்கும் எடுத்தாச்சான்னு கேளுங்க, சில சொட்டு ரத்தம் போதும், கொஞ்ச நேரத்துலயே ரிசல்ட் தெரியும். ட்ரைகேட் ஊசி (பன்லுகோபீனியா, ஹெர்பிஸ் உட்பட மூணு வைரஸுக்கு சேர்த்து போடுற தடுப்பூசி), ராபிஸ் ஊசி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எல்லாம் எப்ப போட்டதுன்னு சீட்டு வாங்கிக்கோங்க. உங்க வீட்ல முன்னாடி பன்லுகோபீனியாவால ஒரு குட்டி செத்திருந்தா அந்த கிருமி ஒரு வருஷம் வரைக்கும் கூட அங்கேயே உயிரோட இருக்கும், சாதாரண லோஷனுக்கெல்லாம் சாகாது, ப்ளீச் தண்ணி போட்டு துடைச்சு, ஊசி போட்டு முடிச்ச பூனைய மட்டும் கொண்டு வாங்க.

ஸ்டெப் 4: வீட்டை மாத்துங்க

இதுலதான் அவசரமே படக்கூடாது. நம்ம டைல்ஸ் தரை தள்ளாடுற பூனைக்கு பெரிய எதிரி, நாலு காலும் நாலு பக்கம் வழுக்கிட்டு போகும். பழைய யோகா மேட், ரப்பர் அடி வச்ச மிதியடி எல்லாத்தையும் படுக்கிற இடத்துலருந்து சாப்பிடுற இடம், லிட்டர் பாக்ஸ் (பூனை கக்கூஸ் போற மண் டப்பா) வரைக்கும் ரோடு மாதிரி விரிச்சு விடுங்க. இதுல இன்னொரு லாபம், கண் தெரியாதவன் கால்ல மேட் படுறத வச்சே வழிய கண்டுபிடிச்சுக்குவான்.

லிட்டர் பாக்ஸ் பூனை எண்ணிக்கைய விட ஒண்ணு அதிகமா இருக்கணும், அப்ப மூணு. நுழையிற இடம் தாழ்வா, மத்த மூணு பக்கமும் உயரமா இருக்கணும், ஏன்னா பொட்டு சுவத்துல சாஞ்சுட்டுதான் போவா. கடையில தேடி அலைய வேணாம், ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல ஒரு பக்கம் வெட்டி ஓரத்த தேய்ச்சு விட்டா போதும்.

வச்ச இடத்த விட்டு எதையும் நகர்த்தாதீங்க. சோபா, தண்ணி கிண்ணம், துணி காயப்போடுற ஸ்டாண்டு கூட.

பால்கனிக்கு புறா வலை பத்தாது, நைலான கடிச்சிடும், வெல்ட் மெஷ் (கம்பி வலை) அடிங்க. பினாயில், அந்துருண்டை ரெண்டையும் வீட்ட விட்டே வெளிய போடுங்க, தரையில நடந்துட்டு பாதத்த நக்கும், அதோட கல்லீரல் அத தாங்காது. பாராசிட்டமால் மாத்திரை ஒண்ணே ஒரு பூனைய கொல்லும், காய்ச்சல்னு நினைச்சு டோலோ உடைச்சு குடுக்கிற வேலையே வேணாம். நாய்க்கு போடுற உண்ணி மருந்துலயும் பெர்மெத்ரின்னு ஒரு பூச்சிக்கொல்லி இருந்தா பூனைக்கு விஷம்.

ஸ்டெப் 5: முதல் ரெண்டு வாரம் ஒரே ரூம்

மொத்த வீட்டையும் திறந்து விடாதீங்க. கருப்பன் மாதிரி பூனைய முதல்ல லிட்டர் பாக்ஸ்ல இறக்கி விடுங்க, அங்கருந்துதான் அது ரூமோட கணக்க போட ஆரம்பிக்கும். மீசை சுவத்துல உரச உரச சுத்தி வரும், மூலைய கண்டுபிடிக்கும், திரும்ப பாக்ஸுக்கே வரும், மறுபடி கிளம்பும், நீங்க குறுக்க போகாம உட்கார்ந்தா போதும். தொடுறதுக்கு முன்னாடி பேர் சொல்லி கூப்பிடுங்க, சத்தம் இல்லாம தொட்டா பயந்து அறைஞ்சிடும். ஃபாஸ்டர் வீட்லருந்து அதுங்க படுத்த துணிய துவைக்காம கேட்டு வாங்கிட்டு வாங்க.

ஸ்டெப் 6: சாப்பாடு

பொட்டு சாப்பிடுறத பார்த்தீங்கன்னா கிண்ணத்துக்கு குனியும்போதுதான் தலை அதிகமா ஆடும், எவ்வளவு கவனமா குறி வைக்கிறாளோ அவ்வளவு ஆட்டம், மூக்கு கிண்ணத்துல இடிச்சு ட்ரை ஃபுட் சிதறும். கனமான பீங்கான் கிண்ணத்த ஒரு நாலு இஞ்ச் உயரத்துல வச்சு கீழ மேட் போடுங்க, வெட் ஃபுட்னா இன்னும் சுலபம். தயிர் சாதத்துலயும் பால்லயும் பூனைய வளர்க்க முடியாது, டாரின்னு ஒரு சத்து கறி, மீன்லருந்துதான் வரும், அது இல்லன்னா இதயமும் கண்ணும் கெடும். புது வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க எதுவுமே தொடலன்னா டாக்டருக்கு போன் பண்ணுங்க, பட்டினி கிடந்தா கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஸ்டெப் 7: ஆஸ்பத்திரிக்கும் ஜோடியாத்தான்

ஒண்ணுக்குத்தான் உடம்பு சரியில்லன்னாலும் ரெண்டையும் கூட்டிட்டு போங்க. தனியா போய்ட்டு வந்தா மருந்து வாசனையோட வர்றத இன்னொண்ணு அந்நியன்னு நினைச்சு சீறும், கண் தெரியாததுக்கு வாசனைதானே அடையாளம். சென்னைக்காரங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா ராத்திரில யாரு பார்ப்பாங்கன்னு பூனை வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே விசாரிச்சு நம்பர ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க. முக்கியமா ஆண் பூனை லிட்டர் பாக்ஸ்ல உட்கார்ந்து உட்கார்ந்து எந்திரிச்சு, முக்கியும் மூத்திரம் வரலன்னா காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க, அந்த நிமிஷமே கிளம்புங்க.