பன்றி வைரஸ் கலத்துக்குள் நுழைவது எப்படி? ஒரே தாளில் வரைந்து பார்ப்போம்

மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பலர் வைரஸ் பாடத்தில் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கலத்தில் ஒட்டுவதும் உள்ளே நுழைவதும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் வீட்டுக்குள் வந்துவிட்டவர் அல்ல. இதை அழகாகக் காட்டுவது பிஆர்ஆர்எஸ் வைரஸ். சினைப்பன்றிகளில் கருச்சிதைவையும் குட்டிகளில் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும் ஆர்என்ஏ வைரஸ் இது. 2024 ஒக்டோபரில் இலங்கையில் உறுதிசெய்யப்பட்ட ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு. அது டிஎன்ஏ வைரஸ். இரண்டுமே மனிதருக்குத் தொற்றுவதில்லை.

சரி, ஒரு தாள், பென்சில், அழிறப்பர் எடுங்கள்.

படி 1: வைரஸ். சிறிய வட்டம், சுற்றிவரக் கொழுப்பு உறை, உள்ளே ஆர்என்ஏ. உறையில் இரண்டு வகை முட்களை வரையுங்கள்: ஜிபி5 (GP5), எம் (M) என்ற இரு வைரஸ் புரதங்கள் சேர்ந்த சோடி ஒன்று, ஜிபி2, ஜிபி3, ஜிபி4 புரதங்கள் சேர்ந்த கூட்டு மற்றது.

படி 2: கலம். பன்றியின் நுரையீரலில் உள்ள மக்ரோபேஜ், அதாவது கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புக் கலம். வைரஸ் ஏறக்குறைய 60 நானோமீற்றர்தான். அதை ஒரு மில்லிமீற்றர் புள்ளியாக வைத்தால் கலம் ஓர் அடி வரும், தாளில் அடங்காது. ஆகவே கலமென்சவ்வின் ஒரு துண்டு போதும். அதில் ஹெப்பரான் சல்பேற் என்ற சர்க்கரை இழைகள், சியாலோஅட்ஹீசின், சிடி163 (CD163) என்ற இரு புரதங்கள் ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். சிடி163ஐ ஒன்பது வட்டங்கள் கோத்த தண்டாக வரையுங்கள். இது பிறகு தேவைப்படும்.

படி 3: ஒட்டுதல். முதலில் ஹெப்பரான் சல்பேற்றில் தளர்வான பிடி. அப்புறம் ஜிபி5இல் உள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைச் சியாலோஅட்ஹீசின் இறுகப் பிடிக்கிறது. வைரஸ் இன்னும் வெளியேதான்!

படி 4: விழுங்குதல். கிளத்ரின் புரதம் அடியில் சேர, சவ்வு உள்நோக்கிக் குழிந்து வைரஸைப் பையாக மூடி இழுத்துக்கொள்கிறது.

படி 5: விடுபடுதல். பைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. அங்கே ஜிபி2உம் ஜிபி4உம் சிடி163உடன் இணைய, உறை பிரிந்து ஆர்என்ஏ குழியவுருவுக்குள் இறங்குகிறது. தொற்று தொடங்குவது இங்கேதான்.

படி 6: இப்போது அழிறப்பர். சியாலோஅட்ஹீசினை அழியுங்கள். தொற்று நிற்காது, அந்தப் புரதம் இல்லாத பன்றிகளுக்கும் நோய் வந்ததை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அதைத் திரும்ப வரைந்துவிட்டு சிடி163ஐ அழியுங்கள். தொற்று நின்றுவிடும். மரபணு திருத்திய பன்றிகளில் 2016இல் காட்டப்பட்டது இதுதான்.

ஆனால் சிடி163 வேலையில்லாமல் நிற்கும் புரதம் அல்ல. இரத்தத்தில் சிந்தும் ஹீமோகுளோபினை அகற்றுவது அது. முழுதாக எடுத்தால் அந்த வேலை கெடும். அதனால் சிடி163ஐ மறுபடி வரைந்து, ஐந்தாவது வட்டத்தை மட்டும் அழித்துப் பாருங்கள். வைரஸுக்கு வேண்டியது அந்தத் துண்டுதான். அதை மட்டும் நீக்கிய பன்றிகளும் தொற்றை எதிர்த்தன, ஹீமோகுளோபினை அகற்றும் வேலையும் நடந்தது.