எச்டிக்கு மாறிய பின் சப்டைட்டில் எங்கே போனது?

2024 ஜனவரி 8 முதல் பிபிசி தன் சாதாரணத் தர (எஸ்டி) சனல்களைச் செய்மதியிலிருந்து எடுக்கத் தொடங்கியது. இங்கே இங்கிலாந்தில், உயர்தரப் படமான எச்டியை வாங்க முடியாத பழைய டிஷ் பெட்டி வைத்திருந்த வீடுகளில் பிபிசி வராமல் போனதற்கு அதுதான் காரணம். பிள்ளைகள் புதுப் பெட்டி வாங்கிப் பூட்டிக் கொடுத்தார்கள். ஹாரோவில் இருக்கும் என் பெரியம்மா வீட்டிலும் அப்படித்தான். மறுநாளே போன் வந்தது. "படம் வடிவாத்தான் இருக்கு பிள்ளை. எழுத்துத்தான் வருகுதில்லை."

பெரியம்மா இரண்டு காதிலும் கருவி போட்டிருப்பவர். எழுத்து இல்லாத ஆறு மணிச் செய்தி அவருக்கு வாயசைக்கும் படம் மட்டும்தான். எச்டியில் சப்டைட்டில் கிடையாதாக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடும் பெரியவர்கள் நிறைய. அது சரியல்ல. பிபிசியின் முக்கிய சனல்களில் 2008 முதல் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் சப்டைட்டில் உண்டு. ஐடிவி, சனல் 4 இரண்டுக்கும் 90 விழுக்காடு சட்டப்படியான கடமை. எஸ்டியில் வந்த எழுத்து எச்டியிலும் வருகிறது. தெரியவில்லை என்றால் பெரும்பாலும் வீட்டிலுள்ள செட்டிங்தான் காரணம், அதை நாமே சரிசெய்யலாம்.

முதலில், பார்ப்பது எச்டி சனலைத்தானா என்று பாருங்கள். கூரை அன்ரெனா வழியாக ஃப்ரீவியூ என்ற இலவச ஒளிபரப்பைப் பார்க்கிறவர்களுக்கு 1 முதல் 5 வரை இன்னும் எஸ்டிதான். அதே சனல்களின் எச்டி வடிவம் 101 முதல் 105 வரை: பிபிசி ஒன், பிபிசி டூ, ஐடிவி, சனல் 4, சனல் 5. பெரியவர்கள் கை பழகியபடி 1-ஐ அழுத்துவார்கள், புது ரீவி வாங்கியும் பழைய மங்கல் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 101 அடித்தும் ஒன்றும் வராவிட்டால் மெனுவுக்குள் போய் ஒருமுறை ரீடியூன் செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால் அந்த ரீவிக்குள் எச்டி வாங்கும் டியூனர் இல்லாமல் இருக்கலாம். ஃப்ரீவியூ எச்டி தொடங்கியது 2009 டிசம்பரில், டிவிபி-டி2 என்ற புது முறையில். அதற்கு முந்திய ரீவிகள் பலவற்றில் "எச்டி ரெடி" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். திரை எச்டி காட்டும் என்பது மட்டுமே அதன் பொருள், உள்ளே இருக்கும் டியூனர் பழையதுதான். ஒரு ஃப்ரீவியூ எச்டி பெட்டி வாங்கி எச்டிஎம்ஐ வயரில் கொழுவினால் போதும், ரீவியை மாற்ற வேண்டியதில்லை.

எழுத்துக்கு வருவோம். பெரியம்மா வீட்டில் சோபாக் கைப்பிடியில் இரண்டு ரிமோட்டுகள். ஒன்று ரீவியுடையது, பொலித்தீன் உறை போட்டு ரப்பர் பாண்ட் சுற்றியது. மற்றது புதுப் பெட்டியுடையது. பெரியம்மா அழுத்தியது ரீவி ரிமோட்டில் இருந்த சப்டைட்டில் பொத்தானை. திரையில் "இப்போது இயலாது" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வந்துவிட்டு மறையும். விஷயம் இதுதான்: சப்டைட்டில் படத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை, ஒளிபரப்புக்குள் தனியாக வருகிறது. ஒளிபரப்பை எந்தக் கருவி வாங்குகிறதோ அதுதான் எழுத்தைப் படத்தின் மேல் போடும். பெட்டியிலிருந்து ரீவிக்கு எச்டிஎம்ஐ வயரில் போவது போட்டு முடிந்த படம் மட்டும். அங்கே ரீவியின் பொத்தானுக்கு வேலையே இல்லை.

ஆகவே, அன்ரெனா வயர் நேரே ரீவியின் முதுகில் போனால் ரீவி ரிமோட், பெட்டி வழியாகப் போனால் பெட்டி ரிமோட். பொத்தானில் "SUBT" என்றோ, சின்னச் சதுரத்துக்குள் கீழே இரண்டு கோடுகளாகவோ இருக்கும். பழைய ஸ்கை எச்டி ரிமோட்டில் தனிப் பொத்தான் இல்லை, "ஹெல்ப்" பொத்தானை அழுத்தினால் சப்டைட்டில் தெரிவு வரும். சாம்சங்கின் சின்ன ரிமோட்டில் சத்தம் கூட்டிக் குறைக்கும் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், மெனு திறக்கும். சப்டைட்டிலுக்கு 888 அடித்த பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டியதுதான். அது திரையில் எழுத்துப் பக்கங்கள் வந்த டெலிடெக்ஸ்ட் காலம், 2012-இல் பழைய அனலாக் ஒளிபரப்போடும் பிபிசியின் டெலிடெக்ஸ்ட் சேவையான சீஃபாக்ஸோடும் முடிந்தது.

அப்புறம் மெனுவில் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். சப்டைட்டில் மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். வகை என்ற இடத்தில் "நோர்மல்", "ஹார்ட் ஒஃப் ஹியரிங்" என்று இரண்டு இருந்தால் இரண்டாவதைத் தெரிவுசெய்யுங்கள். எல்லாப் பெட்டியிலும் இந்தத் தெரிவு இருக்காது. இருந்தால் மாற்றுவது நல்லது.

எழுத்து வந்த பிறகு அடுத்த முறைப்பாடு, "பேச்சுக்குப் பின்னால் ஓடுது" என்பது. செய்தி, விளையாட்டு போன்ற நேரலைகளில் அதைத் தவிர்க்க முடியாது. கேட்கும் ஒவ்வொரு வசனத்தையும் ஒருவர் திரும்பச் சொல்ல, கணினி அந்தக் குரலை எழுத்தாக்குகிறது. சில வினாடிகள் பிந்தும், பெயர்கள் பிழையாகவும் வரும். நாடகங்களுக்கு முன்கூட்டியே தயாரிப்பதால் சரியான நேரத்தில் வருகிறது. பெரியம்மாவுக்கு இதைச் சொன்ன பிறகுதான் பெட்டி பழுது என்ற எண்ணம் போனது. பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பார்த்தால் எழுத்தைப் பெரிதாக்கவும் முடியும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு சனலில் மட்டும் எழுத்து இல்லையென்றால் பெட்டியைக் கழற்றிப் பூட்டி மினக்கெடாதீர்கள். பழுது அந்தப் பக்கம் இருக்கலாம். 2021 செப்டம்பர் 25 அன்று மேற்கு லண்டனில் ஓர் ஒளிபரப்பு நிலையத்தில் தீயணைப்பு வாயு பீறிட்டுக் கணினிகள் சேதமாகி, சனல் 4-இன் சப்டைட்டில் முழுமையாகத் திரும்ப நவம்பர் ஆகிவிட்டது. காது கேளாதவர்கள் விடாமல் முறையிட்டார்கள். சனல் 4 தன் உரிமத்தின் நிபந்தனையை மீறியதாக, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஒஃப்கொம் அடுத்த ஆண்டு தீர்ப்புச் சொன்னது.

தமிழ்ச் சனல்களைப் பற்றியும் கேட்பார்கள். பார்வையாளர் பங்கு 0.05 விழுக்காட்டை எட்டாத சனல்களுக்குச் சப்டைட்டில் கடமை இல்லை என்பது இங்குள்ள விதி. நம் சனல்களில் எழுத்து இல்லாததற்கு உங்கள் ரிமோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கடமை இல்லை என்பதற்காகக் கேட்கக் கூடாது என்றில்லை. நம் முதியவர்களுக்குத் தமிழ் எழுத்து ஓடினால் எவ்வளவு பெரிய உதவி. பார்ப்பவர்கள் எழுதிக் கேட்க வேண்டும், நான் எழுதுகிறேன்.

முறைப்பாடு எழுதும்போது முதலில் சனலுக்கு எழுதுங்கள், பதில் சரியில்லை என்றால் ஒஃப்கொமுக்கு. "சப்டைட்டில் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் உங்களிடமே திருப்பிக் கேள்வி கேட்பார்கள். திகதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், 1-ஆ 101-ஆ என்று சனல் இலக்கம், அன்ரெனாவா டிஷ்ஷா இணையமா, பெட்டியின் மொடல் எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். திரையைப் போனில் படமெடுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது.