பூனை ஏன் பன்றியானது? பழைய ஸ்வெட்டர்களை ஒழுங்காகக் கிண்டல் செய்வது எப்படி

பழைய பின்னல் புத்தகம் ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்கிற தவறு, "ஐயோ, என்ன கண்றாவி இது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது. கண்றாவி என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எந்த இடத்தில், எதனால் கண்றாவியாயிற்று என்று சொன்னால்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார்.

முதலில் ஸ்வெட்டரைப் பார்க்காதீர்கள், அதற்குள் இருக்கும் ஆளைப் பாருங்கள். இந்தப் புத்தகங்களில் ஆண்கள் கேமராவைப் பார்ப்பதே அபூர்வம். வாயில் பைப், ஒரு கால் ஏதாவது ஒரு பாறைமேல், பார்வை எங்கேயோ தூரத்தில். வருவது கப்பலா கடன்காரனா என்று நாம்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு பேர் நின்றால் இரண்டு பேருக்கும் ஒரே ஸ்வெட்டர், நிறம் மட்டும் வேறு. அந்த முகத்தில் "எவ்வளவு கொடுப்பதாகச் சொன்னீர்கள்?" என்ற கேள்வி எழுதியிருக்கும். பாதிச் சிரிப்பு இங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம் காலத்தைப் பிடியுங்கள். 1920, 30களில் நீச்சல் உடையையே கம்பளி நூலில் பின்னினார்கள். கம்பளி ஈரத்தை நன்றாக உறிஞ்சும், உறிஞ்சியதும் கனக்கும், கனத்ததும் பின்னல் கீழ்நோக்கி இழுக்கும். அதாவது தண்ணீருக்குள் போகும்போது இடுப்பில் இருந்தது வெளியே வரும்போது எங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தக் காலப் படங்களில் எல்லோரும் கரையிலேயே நின்று போஸ் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு இதுதான் தோன்றும்.

1970கள் வேறு மாதிரி. துபாண்ட் கம்பெனி 1950ல் ஆர்லான் என்ற அக்ரிலிக் செயற்கை இழையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மலிவான நூல், மெஷினில் போட்டுத் துவைக்கலாம், நிறத்துக்கும் பஞ்சமில்லை. பஞ்சமில்லாததால்தான் ஆரஞ்சும் பழுப்பும் பாசிப் பச்சையும் ஒரே உடம்பில் வந்து உட்கார்ந்தன. கழற்றும்போது படபடவென்று பொறி பறந்து தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கும், அது இலவச இணைப்பு. ஒரு எச்சரிக்கை: சதுரம் சதுரமாகச் சேர்த்த அந்த ஓட்டை வெஸ்டைப் பார்த்துப் "பின்னல்" என்று சொல்லிவிடாதீர்கள். அது ஒற்றைக் கொக்கியில் போடுகிற குரோஷா, பின்னலுக்கு இரண்டு ஊசி வேண்டும். இதை மாற்றிச் சொன்னால் கூட்டத்தில் ஒருவராவது திருத்துவார், அதோடு உங்கள் நகைச்சுவை முடிந்தது.

சரி, 1980களுக்கு வருவோம், நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டிய விருந்து இதுதான். தோளில் பஞ்சு மெத்தை, அக்குளிலிருந்து இடுப்புவரை தொங்கும் வௌவால் கை (இதன்மேல் கோட் போட முயன்றவர்கள் பாவம்), வயிற்றின் நடுவில் ஒரு படம். பூனை, வீடு, ஐஸ்கிரீம், எதுவும் விலக்கில்லை. அந்தப் பூனையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் பன்றி மாதிரி இருக்கும். காரணம் கலைத்திறன் இல்லாததல்ல, கணக்கு. சாதாரணப் பின்னலில் ஒரு கண்ணி, அதாவது ஊசியில் போடுகிற ஒரு நூல் வளையம், சதுரமாக இருக்காது, உயரத்தைவிட அகலம் அதிகம். பத்து சென்டிமீட்டருக்குக் குறுக்கே 20 கண்ணி என்றால் நெடுக்கே 28 வரிசை போகும். சாதாரணக் கிராஃப் தாளில் சதுரக் கட்டங்களில் அழகாகப் பூனை வரைந்து, கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று பின்னினால், தாளில் 28 கட்டம் உயரமும் 20 கட்டம் அகலமுமாக நின்ற பூனை ஸ்வெட்டரில் பத்துக்குப் பத்தாக அமுங்கிவிடும். காது குட்டை, முகம் விரிவு, மூக்கு தட்டை. இதைத் தெரிந்துகொண்டு சிரித்தால் சிரிப்பு இன்னும் நன்றாக வருகிறது.

அடுத்து, உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி நூலுருண்டை. நிறம் மாறுகிற இடத்தில் பழைய நூலையும் புது நூலையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், மறந்தால் அங்கே ஓட்டை விழும். அந்த அசட்டுப் பூனைக்குப் பின்னால் முப்பது நாற்பது நூல் முனைகளை ஒருவர் உட்கார்ந்து ஊசியால் சொருகி மறைத்திருப்பார். கிண்டலைப் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கைவேலையைத் தொட வேண்டாம். அதுவும் பின்னியவர் உங்கள் பெரியம்மாவாக இருந்து, அடுத்த அறையில் இருந்தால், மெதுவாகவே சிரியுங்கள்.

விலையையும் வைத்துக் கிண்டல் செய்யாதீர்கள். வெள்ளை ஆடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கறுப்பு ஆடு நிற்கிற சிவப்பு ஸ்வெட்டரை பிரிட்டன் இளவரசி டயானா 1981ல் போட்டார். 2023ல் சோத்பீஸ் ஏலத்தில் அது பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது.

பொருந்தாத நிறத்தில் கோடுகோடாக இருக்கிற 1940களின் ஸ்வெட்டரையும் விட்டுவிடலாம். பிரிட்டனில் 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்துவிட்டது, பழையதைப் பிரித்துக் கிடைத்த நூலில்தான் புதியது பின்னினார்கள். கோட்டுக்குக் கோடு நிறம் மாறினால், அங்கே ஒரு பழைய ஸ்வெட்டர் தீர்ந்துபோயிருக்கலாம்.

சிரித்து முடித்த பிறகு அந்த ஸ்வெட்டர் உங்கள் தலையில் விழுந்துவிட்டால் நீங்களும் பிரித்துவிடலாம். முதலில் தையல்களை வெட்டித் துண்டுகளைத் தனியாக்குங்கள். பின்னி முடித்த ஓரத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து இழுத்தால் சரசரவென்று வரும், ஆரம்பித்த ஓரத்திலிருந்து இழுத்தால் முரண்டு பிடிக்கும். வந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெந்நீர் வேண்டாம், குளிர்ந்த நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் போய்விடும். படம் போட்ட ஸ்வெட்டரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். நான் ஒரு பூனையைப் பிரித்தேன், முழு ஞாயிற்றுக்கிழமை போனது. மிஞ்சியது முழம் முழமாக ஒரு பை நிறைய நூல் துண்டுகளும் மீசையும்.