இமைப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் மரபணுப் பகுதியைப் படிப்பது எப்படி?

அம்மாவின் மேல் இமையில் வந்ததைக் கண்கட்டி என்று சொல்லி இரண்டு முறை சுரண்டி எடுத்தார்கள். எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்பவில்லை. அதே இடத்தில் மூன்றாவது முறையும் வந்தபோதுதான் கோத்தகிரியிலிருந்து மலையிறங்கி கோயம்புத்தூர் போனோம். செபேஷியஸ் கார்சினோமா என்று முடிவு வந்தது. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் தொடங்கும் புற்றுநோய் அது. ஆபரேஷன் முடிந்து அம்மா நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த நான்கு பக்க ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கூடலூரிலிருந்து தங்கை தினமும் போன் செய்து, "அண்ணா, என் பொண்ணுக்கும் இது வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டை அச்செடுத்துக்கொள்ளுங்கள். போனில் பெரிதாக்கிப் படித்தால் அட்டவணையில் ஒரு வரி கண்ணில் படாமலே போய்விடும். சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனா போதும்.

படி 1: எந்தச் சுரப்பி?

பெரும்பாலும் மைபோமியன் சுரப்பி என்று இருக்கும்; இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி அது. கீழ் இமையைவிட மேல் இமையில் இவை அதிகம். இந்தப் புற்று மேல் இமையில் அதிகம் வருவதும் அதனால்தான். மேற்கு நாடுகளில் இது அரிது. இந்தியாவில் இமையில் வரும் புற்றுகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அடிபோஃபிலின் என்பது ஒரு புரதம்; 'அடிபோஃபிலின் பாசிட்டிவ்' என்று இருந்தால் செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் இருக்கின்றன என்று பொருள். சரி, அடுத்ததற்குப் போகலாம்.

படி 2: நான்கு புரதங்கள்

எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இந்த நான்கிற்கும் எதிரே அம்மாவின் ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று இருந்தது. பாசிட்டிவ் என்றால் கெட்டது என்றுதானே நமக்குப் பழக்கம்? இரண்டு இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை.

இங்கே அர்த்தம் தலைகீழ். டிஎன்ஏ நகலெடுக்கும்போது வரும் எழுத்துப் பிழைகளைத் திருத்துவது இந்தப் புரதங்களின் வேலை. லேபில் சாயம் போட்டுப் பார்க்கும்போது அவை செல்லின் உட்கருவில் சாயம் ஏற்றிக் காட்டினால், அதாவது பாசிட்டிவாக இருந்தால், திருத்தும் வேலை நடக்கிறது என்று பொருள். 'லாஸ்' (புரதம் காணோம்) அல்லது 'நெகட்டிவ்' என்று இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அவை ஜோடியாக வேலை செய்பவை. எம்எஸ்எச்2 போனால் எம்எஸ்எச்6-உம் சேர்ந்து மறையும். எம்எல்எச்1 போனால் பிஎம்எஸ்2 மறையும். 'லாஸ்' என்று இருந்தால் பக்கத்தில் உள்ள சாதாரண செல்கள் சாயம் ஏற்றினவா என்றும் கேளுங்கள். அவையும் ஏற்றாவிட்டால் அந்தச் சோதனையே சரியாக அமையவில்லை.

பி53 என்று இன்னொரு புரதமும் ரிப்போர்ட்டில் இருக்கலாம். அதற்கு விதி வேறு. செல்கள் எல்லாம் அடர்த்தியாகச் சாயம் ஏற்றினாலும் கோளாறு, ஒரு செல்கூட ஏற்றாவிட்டாலும் கோளாறு. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதே இயல்பு. அதனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'இருந்தால் நல்லதா, இல்லாவிட்டால் நல்லதா' என்று சிவப்பில் எழுதிவிட்டுப் பிறகு முடிவைப் பாருங்கள்.

படி 3: கட்டியில் மட்டுமா, பிறவியிலேயா?

தங்கையின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இமையில் வரும் வகையில் அதிகம் பழுதாவது டிபி53 (பி53 புரதத்துக்கான மரபணு), ஆர்பி1 என்ற மரபணுக்கள். இரண்டும் செல் கண்டபடி பெருகாமல் தடுப்பவை. இந்தப் பழுது பெரும்பாலும் வாழ்நாளில் அந்த ஒரு சுரப்பியில் நேர்ந்தது, பிள்ளைகளுக்குப் போகாது. விதிவிலக்கு, குழந்தைகளின் விழித்திரையில் வரும் பரம்பரை ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்று. அவர்கள் ஆர்பி1 பழுதோடே பிறக்கிறார்கள். சிறுவயதில் அதற்காகக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு இமையில் இந்தப் புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது.

படி 2-இல் 'லாஸ்' வந்தவர்கள் நீலப் பேனாவை எடுங்கள். அப்பா வழி, அம்மா வழி என்று மூன்று தலைமுறை வரைந்து, யாருக்காவது குடல் புற்றோ கருப்பைப் புற்றோ வந்ததா என்று குறியுங்கள். ம்யூர்-டோரே என்ற பரம்பரை நிலை இருக்கலாம். பிழை திருத்தும் அந்தப் புரதங்களில் ஒன்றின் மரபணு பிறவியிலேயே பழுதாகி, எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகளோடு குடல் போன்ற உள்ளுறுப்புப் புற்றும் வரக்கூடிய நிலை அது; 1967, 1968-இல் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. கட்டியில் 'லாஸ்' வந்தால் மட்டும் பரம்பரை என்று ஆகிவிடாது; இரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனைதான் உறுதி சொல்லும். அதில் வரும் மாற்றத்தின் பெயரை, மரபணு மாற்றங்களின் பொருளைத் தொகுத்து வைத்திருக்கும் கிளின்வார் (ClinVar) தளத்தில் தேடுங்கள். கூகுளில் தேடினால் பயம்தான் மிஞ்சும்.

பின்சேர்க்கை 1: குன்னூர் வாசகி ஒருவர், "முப்பது வருஷம் வெயிலில் கொழுந்து பறித்ததால் வந்ததா?" என்று கேட்டிருந்தார். எங்கள் சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். 2018-இல் வந்த ஒரு மரபணு ஆய்வில் சில செபேஷியஸ் புற்றுகளில் வெயிலின் தடம் தெரிந்தது. இமைப் புற்றுகள் வேறு வகையாக, மாற்றங்கள் குறைவாக இருந்தன; அவற்றில் ஜெட்என்எஃப்750 என்ற மரபணுவில் பழுது தெரிந்தது. அம்மா தோட்டத்துக்குப் போனதை நினைத்து வருந்தத் தேவையில்லை.

பின்சேர்க்கை 2: ரிப்போர்ட்டில் பி16 என்ற புரதத்துக்கு 'பி16 பாசிட்டிவ்' என்று இருந்தால், கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான ஹெச்பிவி வைரஸா என்று இருவர் கேட்டார்கள். டிபி53, ஆர்பி1 பழுதில்லாத சில கட்டிகளில் அந்த வைரஸ் இருப்பது உண்மை. ஆனால் இந்தப் புற்றில் பி16-ஐ மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வைரஸுக்கென்று தனிச் சோதனை இருக்கிறது.

பின்சேர்க்கை 3: மெழுகில் பதித்த சதை பிளாக்கை லேபில் பத்திரமாக வைக்கச் சொல்லி, அதன் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். சோதனையைத் திரும்பச் செய்ய அதுதான் வேண்டும். அம்மாவுக்கு முதல் இரண்டு முறை எடுத்ததில் பிளாக்கே கிடையாது.