கரண்ட் இல்லாத நாளில் ரெக்கார்டிங்: நூலகப் பாட வீடியோ எடுக்கும் என் வழி

நான் நூலகராக இருக்கும் கல்லூரி குமாரபாளையத்துக்குப் பக்கம். காவிரிப் பாலம் தாண்டினால் பவானி. நூலகத்தின் பின்சுவரை ஒட்டி விசைத்தறிப் பட்டறைகள். ஜன்னலைச் சாத்தினாலும் தறிச் சத்தம் உள்ளே வரும். பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் காதுக்கு அது விழுவதே இல்லை, மைக்குக்கு மட்டும் விழும். முதல் வீடியோவை எடுத்து முடித்து, ஹெட்போன் மாட்டிக் கேட்ட அன்றுதான் அது தெரிந்தது.

புதிய மாணவர்களுக்கு நூலகத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க எடுத்த அந்த முதல் வீடியோ 22 நிமிடம். தொடக்கத்தில் கல்லூரிச் சின்னம் சுழன்று வரும். பிறகு வாழ்த்துரை. பிறகு கட்டடம் எத்தனை சதுர அடி, புத்தகம் எத்தனை, நாளிதழ் எத்தனை என்ற கணக்கு. புத்தகத்தைத் தேடுவது எப்படி என்பது பதினான்காம் நிமிடத்தில். முதலாமாண்டு குரூப்புகளில் லிங்க் போட்டோம். அடுத்த வாரம் கவுன்டருக்கு வந்த பெண், "மேடம், ஓபேக்னா என்னங்?" என்றாள். நூலகப் புத்தகங்களைக் கணினியில் தேடும் அட்டவணைதான் ஓபேக். வீடியோ பார்க்கவில்லையா என்றேன். "பாத்தனுங் மேடம். சின்னம் சுத்துச்சுங். அப்பறம் தங்கச்சி போனப் புடுங்கிட்டாளுங்."

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நானும்.

நோட்டிலிருந்து தொடங்குங்கள்

கேமரா வாங்குவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கவுன்டரில் வைத்து, இரண்டு வாரம், வருகிறவர்கள் கேட்கும் கேள்வியை அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதுங்கள். திருத்தக்கூடாது. "நூலக வளங்களை அணுகுவது எப்படி" என்று எவரும் கேட்பதில்லை. என் நோட்டில் இருந்தவை இப்படி: "கம்ப்யூட்டர்ல இருக்குன்னு காட்டுதுங், ரேக்குல இல்லீங்." "புக்கு முதுகுல இருக்கற நம்பர் வெலைங்களா?" "திருக்குறள்னு போட்டா ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்." "சீனியர் தீசிஸ் எங்கீங் பாக்கறது?"

எது அதிகத் தடவை வந்திருக்கிறதோ அதுதான் முதல் வீடியோ. ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ, தலைப்பும் அந்தக் கேள்வியேதான். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறு நிமிடத்துக்கு மேல் போகிற வீடியோவில் பார்ப்பவர்கள் தங்குவதில்லை என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. அது விரிவுரைப் பாடங்களுக்கு. புத்தக அடுக்கின் முன் நின்றுகொண்டு பார்க்கிற பிள்ளைக்கு ஆறு நிமிடமே அதிகம். நான் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

677.028 எங்கே இருக்கிறது?

ஒரே ஒரு வீடியோவை எப்படிச் செய்தேன் என்று முழுதாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் தேடுவது துணி, நூல், சாயம் பற்றிய புத்தகங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பில் ஜவுளி 677. ஒரு புத்தகத்தின் எண் 677.028, இன்னொன்றுடையது 677.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நேராக 677.4-க்குப் போய், அதற்கு அந்தப் பக்கம் 677.028-ஐத் தேடுவார்கள். 28 நான்கைவிடப் பெரியதுதானே. புத்தகம் இருப்பதோ இந்தப் பக்கம், 677.4-க்கு முன்னால். "கம்ப்யூட்டர்ல இருக்கு, ரேக்குல இல்ல" என்ற புகாரில் பாதி இதுதான்.

தசம எண் என்று சொல்லி விளக்கிப் பார்த்தேன், முகத்தில் கணக்கு வகுப்புக் களைப்புதான் வந்தது. நடுவே உதவியாளர் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்: "ஏங்கண்ணு, 8.028 கிராம் தோடு ஒண்ணு, 8.4 கிராம் தோடு ஒண்ணு. எது எடை கூட?" அத்தனை பேரும் ஒரே நேரத்தில் 8.4 என்றார்கள். நகைக்கடை பில்லில் கிராமுக்குப் பின்னால் மூன்று தானம் வரை போட்டிருப்பார்கள். அதைப் படிக்கத் தெரியாத வீடு எங்கள் பக்கம் இல்லை. அண்ணனின் கேள்வியையே வீடியோவின் முதல் வரியாக வைத்தேன். வணக்கம், சின்னம், இசை எதுவும் கிடையாது. ஒரு உள்ளங்கை, அதில் இரண்டு தோடு, அந்தக் கேள்வி. எட்டாவது வினாடியில் புத்தக முதுகு வந்துவிடும்.

எழுதும்போது தாளை நடுவில் மடித்து இரண்டாக்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதில் விழுவது. இடப்பக்கம் காலியாக இருக்கும் வரிக்கு வலப்பக்கத்தில் பேச்சு இருந்தால் அந்தப் பேச்சை அடித்துவிடலாம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொல் என்பது என் வேகம், உங்களுடையதைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். எழுதி முடித்ததும், நூலகப் படிப்புப் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். "தேடல் பொத்தானை அழுத்தவும்" என்று நான் வாசித்ததும் அண்ணன், "எந்தப் பொத்தானுங் மேடம், சட்டைப் பொத்தானா?" என்றார். "பூதக்கண்ணாடிப் படத்தைத் தொடுங்க" என்று மாற்றினேன்.

பேச்சு வழக்கில் பேசலாமா என்று சக நூலகர்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் பேசலாம். நான் கோவை வானொலி அறிவிப்பாளர் மாதிரி பேச முயன்ற வீடியோவைக் கேட்டால் எனக்கே யாரோ மாதிரி இருக்கிறது. 'ங்க' போட்டுப் பேசுங்கள், அதுதான் கவுன்டரில் நாம் பேசுவது. ஆனால் திரையில் வரும் எழுத்து மட்டும் பிழையில்லாத எழுத்துத் தமிழாக இருக்கட்டும்.

சத்தம், வெளிச்சம்

படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள். குரல் புரியவில்லை என்றால் அடுத்த வினாடியே மூடிவிடுவார்கள். அதனால் கையில் இருக்கிற பணத்தை முதலில் காலர் மைக்கில் போடுங்கள். கேமராவுக்குப் போனே போதும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். காலி வகுப்பறையில் எதிரொலிக்கும். நூலகத்தில் அந்தத் தொல்லை குறைவு: இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நின்று பேசினால் புத்தகங்களே எதிரொலியைக் குடித்துவிடும். இந்த விஷயத்தில் நாம் மற்ற துறையினரைவிடக் கொடுத்து வைத்தவர்கள்.

தறிச் சத்தத்துக்கு நான் கண்ட மருந்து மின்வாரியம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகள் என்று நாளிதழில் வரும் அல்லவா, அதை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவேன். அன்று ஊரே அமைதி. மின்விசிறியும் ஓடாது. முதல் நாள் இரவே போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டால், காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் நான்கு வீடியோவுக்கான குரலைப் பதிந்துவிடலாம். வேர்க்கும், வேர்க்கட்டும். உங்கள் ஊரில் தறி இல்லாமல் இருக்கலாம், பேருந்து நிலையமோ மரமில்லோ இருக்கும். அது எப்போது ஓய்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வளையலைக் கழற்றி வையுங்கள். புத்தகத்தை அடுக்கிலிருந்து எடுக்கும் காட்சியில் கண்ணாடி வளையல் சத்தம், மைக்கில் பாத்திரம் உருண்ட மாதிரி கேட்கும்.

வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வரட்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். டியூப்லைட்டில் எடுத்தால் படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. போன் கேமராவில் ப்ரோ அமைப்பு இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், பட்டை போய்விடும். ஸ்டாண்ட் இல்லையென்றால் தடித்த கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கி அதன் மேல் போனைச் சாய்த்து வைக்கலாம். யாரும் எடுத்துப் போகாத தொகுதிகளுக்கு அந்த வேலையாவது கிடைக்கட்டும்.

முகம் தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. கையும் புத்தகமும் போதும். மாணவியரை நடிக்க வைத்தால் அவர்களிடமும் வீட்டிலும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மகள் முகம் யூடியூப்பில் வருவதை விரும்பாத வீடுகள் இங்கே உண்டு. எங்கள் வீடியோக்களில் கைகள் மட்டும்தான் வரும். யார் கை என்று கண்டுபிடிப்பது இப்போது விடுதியில் ஒரு விளையாட்டு.

திரையைப் பதிவு செய்யும்போது

ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற திரைப்பதிவு மென்பொருள் இலவசம், அதுவே போதும். எங்கள் நூலகம் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஓடுகிறது. அதன் தேடல் பக்கத்தை அப்படியே பதிந்தால் போன் திரையில் எறும்பு ஊர்கிற மாதிரி தெரியும். பிரவுசரை 175 சதவீதத்துக்குப் பெரிதாக்கிவிட்டுப் பதியுங்கள். வாட்ஸ்அப் வெப்பை மூடுங்கள். நான் மூடாமல் பதிந்த ஒரு நாள், பால்காரர் பாக்கி கேட்டது திரை ஓரத்தில் வந்துவிட்டது. சுட்டியைச் சும்மா ஆட்டிக்கொண்டே இருக்கக்கூடாது. சொடுக்கியதும் இரண்டு வினாடி கையை எடுத்துவிடுங்கள். உறுப்பினர் கணக்கைக் காட்ட வேண்டியிருந்தால் சோதனைக்கென்று ஒரு கணக்கு உருவாக்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகம் எடுத்தது என்பது ஊருக்குத் தெரியவேண்டியதில்லை.

திருக்குறள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் அட்டவணையில் பழைய தமிழ் நூல்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியவர்கள் பலர். ஒருவர் 'டி'க்குப் பிறகு 'ஹெச்' போட்டார், ஒருவர் போடவில்லை. நடுவில் ஒருவருக்கு ஒரு 'கே', இன்னொருவருக்கு இரண்டு. ஆகவே ஒரே நூல் நான்கு வேஷத்தில் கிடக்கிறது. இந்த வீடியோவில் நான் வேண்டுமென்றே முதலில் தோற்கிறேன்: தட்டுகிறேன், "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று வருகிறது, எழுத்துக்கூட்டலை மாற்றுகிறேன், மறுபடி இல்லை, மூன்றாவது முறை வருகிறது. எடுத்த எடுப்பில் கிடைப்பதாகக் காட்டியிருந்தால் பிள்ளைகள் தம் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் தப்பு எங்கள் பக்கம், அதை வீடியோவிலும் சொல்லிவிட்டேன். அட்டவணையைத் திருத்தும் வேலை தனியே நடக்கிறது.

சீனியர் தீசிஸ் கேள்விக்கு பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளத்தைக் காட்டினால் போதும். பதிவே தேவையில்லாமல் ஆய்வேடுகளைத் திறந்து படிக்கலாம். அது 70 வினாடி.

வெட்டுவது, ஒட்டுவது

ஷாட்கட் என்ற இலவச மென்பொருளில் இரண்டாமாண்டு கணினித் துறைப் பையன் ஒருவன் கற்றுக்கொடுத்தான். வெட்ட, ஒட்ட, எழுத்துப் போடத் தெரிந்தால் போதும். காட்சி சுழன்று பறக்கும் மாற்றங்களை அவன் ஆசையாகப் போடுவான், நான் எடுத்துவிடுவேன். பின்னணி இசையும் வேண்டாம். சினிமாப் பாட்டு போட்டால் உரிமைக் கோரிக்கை வரும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாடம் நடத்துவதற்குச் சில விலக்குகள் தருகிறது. ஆனால் வகுப்பறை வேறு, உலகத்துக்கே திறந்த யூடியூப் வேறு. அந்த விலக்கை நம்பிப் புத்தகப் பக்கங்களை முழுதாகக் காட்ட நான் இறங்குவதில்லை.

பேசுவதையே திரையில் வரி வரியாக எழுதி வைக்காதீர்கள். கண்ணும் காதும் ஒரே சொல்லுக்காக அடித்துக்கொள்ளும். பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் மேயரும் இதைச் சொல்லியிருக்கிறார். 677.028 என்ற எண், ஒரு அம்புக்குறி, அவ்வளவு போதும். வசனத்தைத் தனி சப்டைட்டில் கோப்பாக ஏற்றினால் வேண்டியவர்கள் போட்டுக்கொள்வார்கள். காது கேளாதவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். பவானி பஸ்ஸில் ஹெட்போன் இல்லாமல் நிற்பவர்களுக்கும் உதவும். தானாக வரும் தமிழ் எழுத்துகளை நம்பி விட்டுவிடாமல் ஒருமுறை நீங்களே வாசித்துத் திருத்துங்கள். எங்கள் கொங்குப் பேச்சு அதற்குப் பிடிபடுவதில்லை.

படத் தரம் 720பி போதும். வினாடிக்கு ஒன்றரை மெகாபிட் என்று வைத்தால் ஒன்றே முக்கால் நிமிட வீடியோ சுமார் 20 எம்பி வரும். ஒரு போனை அக்கா, தங்கை, அம்மா மூவரும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அது பெரிய கணக்கு.

அப்புறம், லிங்கை குரூப்பில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அது காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். கேள்வி பிறக்கும் இடத்திலேயே பதில் இருக்கவேண்டும். 677 அடுக்கின் பக்கவாட்டில் ஒரு கியூஆர் கோடு அட்டை ஒட்டியிருக்கிறேன். மேலே பெரிய எழுத்தில்: "8.028 கிராமா, 8.4 கிராமா? எது எடை கூட?" தேடல் கணினியின் ஓரத்தில் திருக்குறள் வீடியோ. லேமினேட் செய்து ஒட்டுங்கள், மழைக்காலத்தில் தாள் நமுத்துவிடும்.

நேரம், அபராதத் தொகை, கல்வியாண்டு, பணியாளர் பெயர் இவற்றை வீடியோவில் பேசாதீர்கள். யூடியூப் விவரப் பகுதியில் எழுதினால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். கோஹா புதுப்பித்தபோது பக்கத்தின் தோற்றம் மாறி, இரண்டு வீடியோ பழசாகிவிட்டது. சின்னச் சின்னதாக எடுத்ததால் அந்த இரண்டை மட்டும் மறுபடி எடுத்தோம்.

யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எங்கே விலகுகிறார்கள் என்று ஒரு கோடு காட்டும். எண்ணிக்கையைவிட அந்தக் கோட்டைப் பாருங்கள். என் தோடு வீடியோவில் 50-ஆவது வினாடியில் கோடு கொஞ்சம் மேலே ஏறுகிறது, அதாவது அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். கை அடுக்கில் இடப்பக்கம் நகரும் இடம் அது. கொஞ்சம் வேகமாக நகர்த்திவிட்டேன் போலிருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து மின்தடை என்று போட்டிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் திரும்ப எடுக்கவேண்டும். அந்தத் தோடு உதவியாளர் அண்ணனின் மனைவியுடையது, திங்கட்கிழமையே கேட்டு வாங்கி வைக்கவேண்டும்.