கடலோர உவர் நிலத்தில் பயிர் செய்வது எப்படி? உப்பு வெளியேற முதலில் வழி செய்யுங்கள்

கடலோர வயலில் உப்பு ஏறிவிட்டால் பலரும் முதலில் தேடுவது உப்பைத் தாங்கும் விதையையும் ஜிப்சம் மூட்டையையும்தான். இரண்டுக்கும் உரிய இடம் உண்டு, ஆனால் அது முதலிடம் அன்று. உப்பு மண்ணில் மக்கிப் போவதில்லை. நீர் போகும் இடத்துக்கெல்லாம் அதுவும் போகிறது, நீர் ஆவியாகும் இடத்தில் தங்கிவிடுகிறது. ஆகவே கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதல் படி: அளந்து பாருங்கள்

மழைக்கு முன், நிலம் நன்கு காய்ந்திருக்கும்போது, 0–15, 15–30, 30–60 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக மண் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். நீரால் நிறைவுற்ற மண்ணிலிருந்து எடுத்த சாற்றின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டும் எண்) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேலும், கார அமில நிலை (pH) 8.5-க்குக் கீழும் இருந்தால் அது உவர் நிலம். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, மண்ணில் பரிமாற்றச் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது களர் நிலம். மண் துகளைப் பற்றியிருக்கும் சோடியத்தை விலக்குவதுதான் ஜிப்சத்தின் வேலை என்பதால், அது களர் நிலத்துக்கு உரியது. உவர் மட்டுமே உள்ள நிலத்தில் ஜிப்சம் இடுவது வீண்செலவு. அதுவும் ஓர் உப்புதான்.

பிறகு வயலின் மூலையில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, மறுநாள் காலையில் நீர்மட்டத்தைப் பாருங்கள். ஒன்றரை மீட்டருக்குள்ளேயே நீர் நின்றால், நீங்கள் மேலிருந்து கழுவி இறக்கும் உப்பு, மண்ணின் நுண்துளைகள் வழியே மீண்டும் மேலேறி வரும். தோண்டிய மண் கருஞ்சேறாக, அழுகிய முட்டை நாற்றத்துடன் இருந்தால் ஆழமான வடிகால் வெட்டவே வெட்டாதீர்கள். அந்தச் சேற்றில் உள்ள இரும்பு சல்பைடு காற்றுப்பட்டால் கந்தக அமிலமாக மாறி, உப்பைவிடக் கொடிய கேட்டைச் செய்துவிடும்.

இரண்டாம் படி: வடிகால்

கடல்நீர் ஏறும் பக்கத்தில் கரையை உயர்த்தி, வயலின் உப்புநீர் வடிந்து வெளியேற, கடல் வற்றத்தின்போது திறந்து, ஏற்றத்தின்போது அடைத்துக்கொள்ளும் மதகு ஒன்றை வையுங்கள். நிலத்தைச் சமப்படுத்துங்கள், மேடு இருந்தால் அந்த மேட்டிலேயே உப்பு பூக்கும்.

மூன்றாம் படி: உப்பைக் கழுவுதல்

உழுது வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்குங்கள். 30 செ.மீ. நீர் 30 செ.மீ. மண்ணின் ஊடே இறங்கி வெளியேறினால், அந்த அடுக்கில் உள்ள உப்பில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு போய்விடும். ஒரேயடியாகத் தேக்குவதைவிட, தேக்கி, வடித்து, மீண்டும் தேக்குவது குறைந்த நீரில் அதிகப் பயன் தரும். அடுத்துப் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகி நீர் எளிதில் இறங்கும்.

நான்காம் படி: பாசன நீரைக் கணக்கிடுங்கள்

மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸ் உள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 1.28 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு பருவத்தில் 50 செ.மீ. உயரத்துக்கு அந்நீரைப் பாய்ச்சினால், ஹெக்டேருக்கு 6.4 டன் உப்பை நாமே கொண்டுவந்து கொட்டுகிறோம். மழையோ, தேவைக்குச் சற்றுக் கூடுதலான பாசனமோ அதைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பயிரும் நடவும்

விளைச்சல் குறையத் தொடங்கும் மண் சாற்று மின்கடத்துதிறன், அதே டெசிசீமன்ஸ் அளவில், பீன்ஸுக்கு 1, வெங்காயத்துக்கு 1.2, நெல்லுக்கு 3, பருத்திக்கு 7.7, பார்லிக்கு 8. நெல் விதை உவரிலும் முளைத்துவிடும். இளநாற்றும் பூக்கும் பருவமும்தான் துவண்டுபோகும். ஆகையால் நேரடியாக விதைக்காமல், நல்ல மண்ணில் வளர்த்த 30 நாள் நாற்றை நடுங்கள்.

பார் பிடித்துப் பயிரிடுவோர் பாரின் உச்சியைக் கூர்ந்து பாருங்கள். இருபுறச் சாலிலிருந்தும் ஊறிய நீர் அங்கே சந்தித்து ஆவியாவதால், உச்சியில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டில் செடியை நடாமல், பாரின் சரிவில், சாலில் நீர் நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே நடுங்கள்.

அறுவடைக்குப் பின் வயலை வெறுமையாக வெயிலில் விடாதீர்கள். வைக்கோலையோ தழையையோ மூடாக்காகப் பரப்பி வைத்தால், ஆவியாதல் குறைந்து, கழுவி இறக்கிய உப்பு அடுத்த மழை வரும் வரை கீழேயே கிடக்கும்.