புரோவான்ஸ் கிராமத்துக் கிறிஸ்துமஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் கிறிஸ்துமஸ் என்றவுடன் வாத்து ஈரல், கடற்சிப்பி, வான்கோழி என்று அடுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. பாரிஸ் வீட்டு மேசையை வைத்து நாடு முழுவதையும் அளப்பதுதான் முதல் தவறு. தென்கிழக்கே, மத்தியதரைக் கடலை ஒட்டிய புரோவான்ஸ் கிராமங்களில் டிசம்பர் 4 தொடங்கி பிப்ரவரி 2 வரை நீளும் பண்டிகைக் காலத்துக்கென்று தனி முறைகள் உண்டு. விருந்தினராகச் செல்வோரும் அதைப் பற்றி எழுதுவோரும் அங்கே சறுக்கும் இடங்கள் சிலவற்றைச் சொல்லலாம்.

டிசம்பர் 4, புனித பார்பராவின் நாள். அன்று கோதுமை மணிகளைச் சிறு தட்டுகளில் ஈரப் பஞ்சின் மேல் பரப்பி முளைக்க வைக்கிறார்கள். பயிர் பச்சையாக நிமிர்ந்து நின்றால் வரும் ஆண்டு செழிக்கும் என்பது நம்பிக்கை. அழகுக்குத்தானே என்று பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு விதைத்தால் 24ஆம் தேதி மேசையில் வைக்க வெறும் முளைதான் இருக்கும். தண்ணீரை அள்ளி ஊற்றினால் அதுவும் அழுகிவிடும்.

24ஆம் தேதி இரவு உண்பதை 'பெரிய இராவுணவு' என்று அழைக்கிறார்கள். பெயரை நம்பி ஏமாறுவோர் பலர். நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் உண்ணும் அந்த உணவு சுத்தபோசனம், இறைச்சி கிடையாது. உப்பிட்ட காட் மீன், கீரை, நத்தை, நெத்திலிச் சாற்றோடு செலரித் தண்டு போன்றவைதான் பரிமாறப்படும். ஆகவே, நல்லெண்ணத்தோடு உயர்ந்த பன்றித்தொடை ஒன்றை வாங்கிச் சென்று நீட்டும் விருந்தினர் வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்துகிறார்.

அடுத்து வரும் 13 இனிப்புகளைப் பற்றித்தான் அதிகப் பிழைகள் எழுதப்படுகின்றன. இயேசுவையும் பன்னிரு திருத்தூதரையும் குறிக்கும் தொன்மையான எண் என்று சொல்கிறார்கள். ஆனால் 1683இல் மார்செய் நகரத்துக் குரு பிரான்சுவா மார்ஷெத்தி எழுதிய குறிப்பில் 13 ரொட்டிகள்தான் வருகின்றன. இனிப்புகளோடு அந்த எண் ஒட்டிக்கொண்டது 1920களில்தான். பண்டங்கள் பழையவை, கணக்கு புதியது. எனவே 'அதிகாரபூர்வப் பட்டியல்' ஒன்றைத் தேடி அலைவது வீண் வேலை. யாசக சபைத் துறவிகளின் அங்கி நிறங்களைக் குறிக்கும் உலர் அத்தி, வாதுமை, உலர் திராட்சை, அக்ரூட் ஆகிய நான்கும், தேனும் கொட்டைகளும் சேர்த்துச் செய்யும் நூகா மிட்டாயில் வெள்ளையும் கறுப்பும், ஆலிவ் எண்ணெய் ரொட்டியும் பெரும்பாலும் எங்கும் இருக்கும். மற்றவை ஊருக்கு ஊர், ஏன், வீட்டுக்கு வீடு மாறும். அந்த ரொட்டியைக் கத்தியால் மட்டும் வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் வரும் ஆண்டில் வீடு நொடித்துப்போகும் என்பார்கள். கையால் பிட்டுத்தான் பகிர வேண்டும்.

உண்டு முடிந்ததும் ஒத்தாசையாக எழுந்து மேசையைத் துடைக்கப் போவதும் தவறே. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளை விரிப்புகள் போடப்பட்டிருக்கும். சிந்திய துணுக்குகள் குடும்பத்தின் இறந்தோருக்கு என்று அன்றிரவு அப்படியே விடப்படும். இனிப்புகளும் மூன்று நாள் மேசையிலேயே இருக்கும்.

மரக்கட்டை வடிவக் கேக்கையே பழைய மரபு என்று கருதுவது இன்னொரு மயக்கம். அது 19ஆம் நூற்றாண்டுக் கடைப் பண்டம். அதற்கு மூலமான, பண்டிகை இரவில் எரிக்கும் நிஜக் கட்டையோ பழமரத்திலிருந்து வெட்டியது; வீட்டின் முதியவரும் கடைக்குட்டியும் அதைச் சேர்ந்து தூக்கி மேசையை மூன்று முறை சுற்றி வருவார்கள், பின்பு காய்ச்சிய திராட்சை மதுவை அதன்மேல் மும்முறை ஊற்றி அடுப்பிலிடுவார்கள். அடுத்த ஆண்டு நம் எண்ணிக்கை கூடாவிட்டாலும் குறையாதிருக்கட்டும் என்பதே அப்போது சொல்லும் வேண்டுதல். கணப்பு இல்லாத இக்கால வீடுகளில் கேக் அந்த இடத்தைப் பிடித்ததில் வியப்பில்லை.

ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வடக்கே உண்ணும் வாதுமைப் பசை அடைத்த அடுக்குப் பணியாரத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்கள் பதித்த வளைய வடிவ இனிப்பு ரொட்டிதான் வரும். உள்ளே ஒளித்திருப்பது முன்பு அவரை விதை, இப்போது பீங்கான் பொம்மை. ஆகையால் அவசரமாகக் கடிப்பது பல்லுக்கு ஆகாது. ஆளை எண்ணி அதே கணக்கில் துண்டு போடுவதும் கூடாது. கதவைத் தட்டும் ஏழைக்கென்று ஒரு துண்டு கூடுதலாக வெட்டி வைப்பதே பழைய முறை.